மணிபல்லவத்துக்குத் திரும்பி வந்த ஒன்பது பேர்

தீவுக் கதை என்றால் எனக்கு உயிர். முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரு தீவில் கண் விழிக்கிறார்கள், எப்படி வந்து சேர்ந்தோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை, நிழல் ஒரு பக்கம் விழவேண்டியது இன்னொரு பக்கம் விழுகிறது, பொழுது சாய்ந்தால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தொடர் வந்தால் விடிய விடிய உட்கார்ந்து பார்த்துவிடுவேன். ஆனால் கொஞ்ச வருடமாக வருவதெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கிறது. தீவு, விளையாட்டு, தோற்றவன் சாவான், கடைசியில் ஒருவன் மட்டும் பணத்தோடு கரையேறுவான். பார்த்து முடித்தவர்கள் உடனே "மனுஷன் புத்தியே இதுதான்" என்று பதிவு போடுகிறார்கள். இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மனுஷன் புத்தி இது இல்லை. ஒதுக்குப்புறமான இடத்தில் மாட்டிக்கொண்ட அந்நியர்களைப் பற்றி இந்தக் கதைகள் சொல்வது பெரும்பாலும் பொய், அதுவும் கடலோரத்தில் இருக்கிற நமக்குத் தெரிந்தே இருக்க வேண்டிய பொய்.

கனவு மாதிரி ஒரு தீவு வேண்டுமென்றால் நம்மிடம் மணிமேகலை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அட்சய பாத்திரம் என்று ஒரு பத்தி படித்ததோடு விட்டுவிட்டோம். புகார் நகரத்து உவவனம் என்ற பூஞ்சோலையில் தூங்கிக்கொண்டிருந்த மணிமேகலையைக் கடல் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் முப்பது யோசனை தெற்கே மணிபல்லவம் என்ற தீவில் போட்டுவிட்டுப் போகிறது. (அது யாழ்ப்பாணம் பக்கத்தில் இருக்கிற இன்றைய நயினாதீவுதான் என்று பலரும் சொல்வார்கள்.) விடிந்ததும் அவள் எழுந்து பார்க்கிறாள், ஒன்றுமே பழகிய இடமாக இல்லை. இது அதே வனத்தின் இன்னொரு மூலைதானோ, கூட வந்த தோழி சுதமதி எங்கேயாவது ஒளிந்துகொண்டு விளையாடுகிறாளோ என்று நினைத்து, "பயமாக இருக்கிறது, வந்துவிடு" என்று கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் அலைகிறாள். பதில் இல்லை. அப்புறம் அப்பாவை நினைத்து அழுகிறாள். இந்தக் காலத்துத் தொடர் எதன் முதல் காட்சியாகவும் இதை வைக்கலாம்.

அங்கே ஒரு பீடம் இருக்கிறது. பார்த்தவர்களுக்கு முற்பிறவி தெரியும். அந்தப் பீடம் எனக்குத்தான் என்று இரண்டு நாக அரசர்கள் படையோடு வந்து மோதியிருக்கிறார்கள், புத்தர் வந்து அதில் உட்கார்ந்து சண்டையை நிறுத்தியிருக்கிறார். ஆக, ஒருவரே மிஞ்ச வேண்டும் என்ற போட்டி அந்தத் தீவில் கதைக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மணிமேகலையை எழுதிய சாத்தனார் அதைச் சில வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார். அவருக்கு வேறு ஒன்று முக்கியமாகப் படுகிறது.

அதே நூலில் வரும் ஆபுத்திரன் கதையைச் சொல்கிறேன். கையில் அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். நாட்டில் மழை பெய்து வளம் கொழித்துவிட்டது, யாருக்கும் அவனுடைய சோறு தேவைப்படவில்லை. சாவக நாட்டில் (இன்றைய ஜாவா என்பார்கள்) பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். நடுவழியில் காற்று சரியில்லை, கப்பலை மணிபல்லவத்தில் நிறுத்துகிறார்கள், இவன் இறங்குகிறான். இரவில் காற்று திரும்பியதும், இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இருட்டிலேயே பாயை விரித்துப் போய்விடுகிறார்கள். யாரும் சதி செய்யவில்லை, பகை இல்லை, தலை எண்ணாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பிச்சாவரத்தில் படகு ஏறி இறங்கியவர்களுக்கும், புதுச்சேரிப் பக்கத்துச் சுண்ணாம்பாற்றிலிருந்து அக்கரை மணலுக்குப் போய்ச் சாயங்காலக் கடைசிப் படகுக்கு நின்றவர்களுக்கும் இது எவ்வளவு சுலபமாக நடந்துவிடக்கூடியது என்று தெரியும்.

இப்போது இவன் நிலைமையைப் பாருங்கள். ஊரையே ஊட்டக்கூடிய பாத்திரம் கையில் இருக்கிறது, ஊட்ட ஓர் ஆள் இல்லை. தனக்கு மட்டும் வடித்துச் சாப்பிட்டுக்கொண்டு நூறு வருடம்கூட இருந்திருக்கலாம். மாட்டேன் என்கிறான். ஊருக்குச் சோறு போட்ட பாத்திரத்தை வைத்துக்கொண்டு என் வயிற்றை மட்டும் வளர்ப்பதா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒருநாள் மேலே வா, கருணை உள்ளவர் யாராவது வந்தால் அவர் கையில் சேர் என்று சொல்லிவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான். கடைசி ஆளாக மிஞ்சினால் எல்லாம் கிடைக்கும் என்று இன்றைய கதைகள் சொல்கின்றன. எல்லாம் கையில் இருந்தும் கடைசி ஆளாக மிஞ்சியதே தண்டனை என்று நம் கதை சொல்கிறது.

இதோடு முடிந்திருந்தால்கூட நல்ல கதைதான். ஆனால் சாத்தனார் விடவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிகிற இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஆபுத்திரன் மறுபடி பிறந்து சாவகத்தில் புண்ணியராசன் என்ற அரசனாகிறான். மணிமேகலையோடு அதே தீவுக்கு வருகிறான். பீடத்தைக் காக்கும் தீவதிலகை அவனைப் புன்னை மரத்தடிக்கு அனுப்புகிறாள். மணலைத் தோண்டினால் அவனுடைய எலும்பே முழுசாகக் கிடக்கிறது. பக்கத்தில் இன்னும் எலும்புகள். யாருடையவை? ஒன்பது செட்டிகள், அதாவது வணிகர்களுடையவை. அவனை விட்டுவிட்டுப் போன அதே கப்பலில் இருந்தவர்கள். ஆளைக் காணோம் என்று தெரிந்ததும் அவனைத் தேடிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் அவன் செத்துக் கிடக்கிறான். தாங்க முடியாமல் அவர்களும் அங்கேயே உண்ணாமல் கிடந்து செத்திருக்கிறார்கள், அவர்களோடு வந்த வேலையாட்களும்கூட. இதைக் காட்டிவிட்டுத் தீவதிலகை அரசனைப் பார்த்து நேராகக் கேட்கிறாள்: உன் உயிரையும் கொன்றாய், உனக்கு இரங்கி வந்தவர்கள் உயிரையும் கொன்றாய், நீ கொலைகாரன் இல்லையா?

அவ்வளவு பெரிய தியாகி என்று நாம் கும்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து இந்தக் கேள்வி! நான் புரிந்துகொண்ட வரையில், திரும்பி வருவார்கள் என்று அவன் நம்பவில்லை, அதுதான் குற்றம். தீவு வைத்த சோதனை பசி இல்லை. போனவர்கள் யாரோ எவரோ, கூடப் பயணம் வந்தவர்கள், உறவில்லை, நட்பில்லை. அவர்கள் எனக்காகக் கப்பலைத் திருப்புவார்களா, மாட்டார்களா என்பதுதான் அங்கே கேள்வி. அவர்கள் திருப்பினார்கள். இவன்தான் காத்திருக்கவில்லை.

இது கதைதானே, நிஜத்தில் எவன் திரும்பி வருவான் என்று கேட்பவர்களுக்கு 2024 நவம்பர் 30 இரவைச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கத்தில் கரையேறிவிட்டு நகராமல் தலைக்கு மேலேயே நின்றது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் அப்போது புதுச்சேரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். விடியும்போது தெரு இல்லை. எதிர்வீட்டு வண்டியின் இண்டிகேட்டர் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது, அதற்கு மேலே யாருடைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டியோ கதவு திறந்தபடி மிதந்து போனது. கீழ்வீடுகளிலிருந்து எல்லோரும் எங்கள் மாடிப்படியில் ஏறிவிட்டார்கள். பேர் தெரியாது. தினமும் பார்ப்போம், சிரித்ததில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு அந்தப் பென்ஷன் வாங்கும் சொல்தா (சிப்பாய்) தாத்தா ஒருவர், நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண், ஒடிசாவிலிருந்து வந்து டைல்ஸ் ஒட்டும் பையன்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. கரண்ட் போய்விட்டது. ஓர் அம்மாவுக்கு இன்சுலின் கெட்டுவிடுமே என்று பயம், அந்த நர்ஸ்தான் அதை ஒரு டப்பாவில் போட்டு மூடி மண்பானைத் தண்ணீரில் மிதக்க விட்டார். என் அடுப்பில் பெரிய குண்டான் ஏறியது, அரிசி ஒருவர், பருப்பு ஒருவர், டைல்ஸ் பையன்கள் உருளைக்கிழங்கு. படியில் தண்ணீர் எத்தனை ஏறியது என்று பார்க்க ஆளுக்கு ஒரு மணி நேரம் முறை வைத்துக்கொண்டோம், யார் சொல்லியும் இல்லை.

மத்தியானம் மீனவர்கள் ஒரு ஃபைபர் படகைத் தெருவுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தையையும் அந்த அம்மாவையும் முதலில் ஏற்றிக்கொண்டு, "இருங்க, திரும்ப வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நேரம் ஆனது. இருட்ட ஆரம்பித்தது. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார். "வர மாட்டானுங்க தம்பி, நான் பார்த்துட்டேன் இதெல்லாம்" என்றார். ஒடிசாப் பையன் ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, அவன் பேசியது அவருக்குப் புரியவில்லை, அவர் திட்டியது அவனுக்குப் புரியவில்லை. வந்தார்கள். வரும் வழியில் வேறொரு மாடியில் ஆட்கள் டார்ச் அடித்ததால் அவர்களை ஏற்றிவிட்டு வர நேரமாகிவிட்டதாம். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் அதே நாளில் ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டது, செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

சரி, எல்லோரும் நல்லவர்களா? இல்லை. அதே மழையில் ஒரு கேன் தண்ணீரை மூன்று மடங்கு விலைக்கு விற்றவரையும் பார்த்தேன். மணிமேகலையும் அப்படி ஒன்றும் சர்க்கரையில் எழுதப்படவில்லை. சாதுவன் கதையைப் படியுங்கள். கணிகையிடமும் சூதிலும் சொத்தைத் தொலைத்தவன், கப்பல் உடைந்து ஒடிந்த பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நாகர்கள் வாழும் கரையில் ஒதுங்குகிறான். களைத்துப்போய் மரத்தடியில் தூங்குகிறான். அங்கே இருப்பவர்கள் ஆடை இல்லாதவர்கள், மனிதரைத் தின்பவர்கள். நல்ல சாப்பாடு கிடைத்தது என்று சந்தோஷமாக அவனை எழுப்புகிறார்கள். இவனுக்கு அவர்கள் பாஷை தெரியும், பேசுகிறான், அவர்கள் ஆடிப்போய்த் தலைவனிடம் கூட்டிப் போகிறார்கள். கள் காய்ச்சும் வாடை, காய்ந்த புலால், வெள்ளெலும்பு நடுவே தலைவன் உட்கார்ந்திருக்கிறான். கள்ளும் கறியும் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது, எங்களால் முடிந்த ஒரு தர்மத்தைச் சொல் என்கிறான். சாதுவனும் எல்லாவற்றையும் விடு என்று அடம்பிடிக்கவில்லை. கப்பல் உடைந்து கரையொதுங்குகிறவர்களைக் கொல்லாதே, தானாக மூத்து இறந்த விலங்கைத் தவிர எதையும் தின்னக் கொல்லாதே என்று அவனுக்கு எட்டுகிற அளவில் நிறுத்துகிறான். அவன் ஒத்துக்கொண்டு, முன்பு கரையொதுங்கியவர்களைத் தின்றபோது எடுத்துவைத்த அகிலையும் துணியையும் செல்வத்தையும் தூக்கிக் கொடுத்து அனுப்புகிறான். இவ்வளவு கறாரான, இவ்வளவு நம்பிக்கையான ஒரு பேச்சுவார்த்தைக் காட்சியை நான் எந்தத் தீவுத் தொடரிலும் பார்த்ததில்லை.

வெளியூர் உதாரணம் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. 1965இல் டோங்கா நாட்டில் ஆறு பள்ளிப் பையன்கள் படகு எடுத்துக்கொண்டு போய்ப் புயலில் மாட்டி, அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தார்கள். மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை, ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் சேர்த்து வைத்துக் கட்டினார்கள், 1966இல் ஆறு பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் நண்பர்கள், அந்நியர்கள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர்களைப் பற்றி எடுத்திருக்க வேண்டிய எண்ணிக்கையில் தொடர்கள் வரவில்லையே.

நம் கடலூர் மாவட்டத்துக்குத் தீவு ஒன்றும் கற்பனை இல்லை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே எம்ஜிஆர் திட்டு என்று ஊர் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஊரே போனது, மிஞ்சியவர்களை உள்ளே கொண்டுவந்து குடிவைத்தார்கள். அக்கரைக்கோரி, சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு ஆட்களைக் கேளுங்கள், உப்பனாற்றுக்கும் கடலுக்கும் இடையில் மாட்டியவர்களை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் ஒதுங்கிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர் வைத்துக்கொண்ட ஊர்க்காரர்கள் நாம். வந்து ஒதுங்கியவரை வரவேற்கக் கூட்டமாக ஓடினார்கள் என்றுதான் அந்தக் கதையும் சொல்கிறது.

இன்னொன்று, இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. அமுதசுரபி மணிமேகலை கைக்கு வந்து புகாருக்குத் திரும்புகிறாள். அதில் முதல் பிச்சை யார் இட வேண்டும்? ஆதிரை. யார் அந்த ஆதிரை? சாதுவன் பெண்டாட்டி. ஒரு தீவில் ஊட்ட ஆளில்லாமல் பொய்கைக்குள் போன பாத்திரத்தில், இன்னொரு தீவில் தின்னப்படாமல் திரும்பியவனுடைய வீட்டு வாசலில் முதல் கவளம் விழுகிறது. இரண்டு தீவையும் ஒரே வாசற்படியில் கொண்டுவந்து முடிச்சுப் போட்ட அந்த மூளையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, கூடவே கோபமும் வருகிறது, இதை ஏன் இன்னும் யாரும் எடுக்கவில்லை என்று.

குறும்படம் எடுக்கிற, வெப் சீரிஸ் எழுதுகிற கடலூர், புதுச்சேரித் தம்பி தங்கைகளே, எடுங்கள். பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்கிறது, புன்னை மரத்துக்கும் பஞ்சமில்லை. ஆபுத்திரனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அது எல்லோருக்கும் தெரிந்தது. கப்பலில் ஆரம்பியுங்கள். ஒன்பது செட்டிகள், நடுக்கடல், ஒருவர் தற்செயலாகத் தலை எண்ணுகிறார், ஓர் ஆள் குறைகிறது. சரக்கு நட்டமாகும், காற்று எதிரே, போனவன் அவர்களுக்கு யாரும் இல்லை. திரும்புவதா வேண்டாமா என்று அந்த ஒன்பது பேரும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசட்டும். 1898இல் உ.வே.சா. பதிப்பித்துக் கொடுத்த நூல், உரையோடு மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது. ஆபுத்திரனோடு மணிபல்லவம் அடைந்த காதையை மட்டுமாவது படியுங்கள். புத்தகம் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன்.