எம் விசாவில் யிவூவுக்கு வேலைக்குப் போகாதீர்கள்

"சீனாவில் வேலை இருக்கு, சொந்தக்காரர் ஒருத்தர் கூப்பிடுறார், போகலாமா?" என்று கேட்டு எனக்குத் தொடர்ந்து செய்தி வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் யிவூ. சில சமயம் குவாங்சோ. தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கேயே விரிவாக எழுதுகிறேன். யிவூ நல்ல ஊர். தாராளமாகப் போகலாம். ஆனால் வேலை செய்வதற்கான ஸெட் விசாவும் வேலை பர்மிட்டும் இல்லாமல், வியாபாரத்துக்கு வந்துபோவதற்கான எம் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். கூப்பிடுகிறவர் சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும் சரி.

யிவூவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெஜியாங் மாகாணத்தில், ஷாங்காய்க்குத் தெற்கே இருக்கிறது. சென்னை பாரிமுனைப் பக்கம் மொத்த வியாபாரக் கடைகளில் கிடைக்கும் ஹேர் கிளிப், சாவிக்கொத்து, கவரிங் நகை, பிளாஸ்டிக் பூ, சீரியல் விளக்கு, இவற்றில் ஏராளமானவை இங்கிருந்துதான் நிங்போ துறைமுகம் வழியாகக் கப்பலேறுகின்றன. ஊரின் பெரிய மார்க்கெட்டில் மட்டும் சுமார் 75,000 கடைகள். ஒரு மாடியில் பூராவும் பொம்மை, இன்னொரு மாடியில் பூராவும் குடை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக்காரர்கள் ஊரில் குடியிருக்கிறார்கள். ஏமன், எகிப்து, ஈராக், இந்தியா, பாகிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகள் என்று எல்லா இடத்து ஆட்களும் உண்டு.

இந்த ஊர்க்காரர்கள் பரம்பரைப் பணக்காரர்கள் கிடையாது. நிலம் விளையாத பூமி. குளிர்காலத்தில் வெல்லக்கட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய், அதைக் கொடுத்துக் கோழி இறகு வாங்கி வந்து உரமாகப் போட்டவர்கள். தெருவில் பொருள் விற்றால் அதிகாரிகள் விரட்டிய காலத்தில், ஃபெங் ஐச்சியான் என்ற பெண் வியாபாரி, வட்டாரக் கட்சிச் செயலாளராக இருந்த ஷியே கௌஹுவாவிடம் நேரே போய் நியாயம் கேட்டார். 1982-ல் ஷியே தன் பதவிக்கு ஆபத்து வந்தாலும் பரவாயில்லை என்று சந்தையைத் திறந்துவிட்டார். இன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருக்கும் பல பெண்களுக்கு அந்தத் தலைமுறை அம்மா, பாட்டி. எதற்குச் சொல்கிறேன் என்றால், யிவூவில் நம்மவர்கள் கடன் வைத்துவிட்டு ஓடும்போது அடிபடுவது ஏதோ ஒரு பெரிய கம்பெனி இல்லை. ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபேக்டரி, அதில் ஜியாங்ஷி, குய்சோ போன்ற வேறு மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

இனி, நம் பையன்களுக்கு அங்கே என்ன வேலை என்று பார்ப்போம். வெளிநாட்டு வியாபாரிகளுக்குச் சரக்கு வாங்கி அனுப்பும் ஆபீஸில்தான் வேலை. காலையில் கஸ்டமரைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட். பத்தடிக்குப் பத்தடி கடை, மூன்று பக்கமும் சாம்பிள். கடைக்காரம்மா கால்குலேட்டரில் விலை தட்டிக் காட்டுவார், நாம் அதையே வாங்கி வேறு எண் தட்டித் திருப்பிக் கொடுப்போம். விலை படிந்ததும் கார்பன் வைத்த ஆர்டர் புத்தகத்தை எடுப்பார். ஐட்டம் நம்பர், ஒரு அட்டைப் பெட்டிக்கு எத்தனை பீஸ், எத்தனை பெட்டி, எத்தனை கியூபிக் மீட்டர், விலை, டெலிவரி தேதி, பெட்டியின் மேல் போட வேண்டிய மார்க். அடியில் வாங்குபவர் பெயர், போன் நம்பர். ஒரு காப்பி நமக்கு, ஒரு காப்பி அவருக்கு. சில வாரத்தில் சரக்கு நம் கிடங்குக்கு வரும். எண்ணிப் பார்த்து, நாலு பெட்டியைப் பிரித்துப் பார்த்து, கன்டெய்னர் ஏற்ற வேண்டும். புது ஆள் என்றால் முன்பணம் கேட்பார்கள். பழகிய ஆபீஸ் என்றால் சரக்கைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம், இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் காத்திருப்பார்கள்.

அந்த ஆர்டர் காப்பியில் யார் பெயர் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முதலாளி பெயரா? அவர் துபாயிலோ மும்பையிலோ இருப்பார், மாதத்துக்கு ஒரு முறை வந்துபோவார். பெயர் நம் பையனுடையது. போன் நம்பரும் அவனுடையது. கடைக்காரம்மாவின் வீசாட்டில் (சீனாவின் வாட்ஸ்அப் மாதிரி) இருக்கும் முகமும் அவன் முகம்தான். சரக்குக் கொடுத்தவருக்கு அவனைத்தான் தெரியும்.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் இருக்கிறது. 2011 டிசம்பரில், பணம் தராமல் ஒரு டிரேடிங் கம்பெனியின் முதலாளி தலைமறைவாகிவிட, அங்கே வேலை பார்த்த இரண்டு இந்தியர்களை யிவூ வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாங்கள் வெறும் சம்பளக்காரர்கள் என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. அவர்களை மீட்கப் போன இந்தியத் துணைத் தூதரக அதிகாரி, சர்க்கரை நோயாளி, நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்தார். 2012 ஜனவரியில், இந்திய வியாபாரிகள் யிவூ பக்கமே போக வேண்டாம் என்று பெய்ஜிங் தூதரகம் எச்சரிக்கை வெளியிட்டது. அன்றைக்குப் பத்திரிகைகளில் பெரிய செய்தி. இரண்டு நாட்டு உறவு, சீனர்களின் அராஜகம் என்று நிறையப் பேசினோம். ஆட்களைப் பிடித்து வைத்தது பெரிய குற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓடிப்போன முதலாளிகளைப் பற்றியும், பெயருக்கும் போன் நம்பருக்கும் சம்பளக்காரனை முன்னால் நிறுத்தும் இந்தப் பழக்கத்தைப் பற்றியும் நாம் பேசியது மிகக் குறைவு. பழக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது யாரும் பிடித்து வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சீனாவின் குடிவரவுச் சட்டம், 28-வது பிரிவு: முடியாத சிவில் வழக்கு இருந்து, நீதிமன்றம் சொல்லிவிட்டால், வெளிநாட்டவர் நாட்டை விட்டு வெளியேற முடியாது. கடைக்காரர் வழக்குப் போட்டுத் தடை வாங்கியிருந்தால், பல பேருக்கு அது விமான நிலையத்தில், இமிக்ரேஷன் கவுன்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான் தெரிய வரும். பெட்டி உள்ளே போயிருக்கும், ஆள் போக முடியாது. வழக்கு முடியும்வரை, இல்லை பணம் கட்டும்வரை அங்கேயேதான். அதற்குள் விசா முடிந்துவிட்டால் அது தனித் தலைவலி.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, திண்டுக்கல் பக்கம். டிப்ளமோ முடித்தவன், மார்க்கெட் சீனமொழியைச் சீக்கிரமே நன்றாகப் பிடித்துக்கொண்டான். முதலாளி நம் ஊர்க்காரர், அவனுக்குத் தூரத்து உறவு. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. முதல் வாரம் போன் எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. சரக்குக் கொடுத்தவர்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். கத்தவில்லை, அடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, வெந்நீர் குடித்துக்கொண்டு, மதியத்துக்குச் சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டு, ராத்திரி ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சோபாவிலேயே தூங்கினார்கள். ஒரு அம்மா தன் ஆர்டர் காப்பிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக மேஜை மேல் எடுத்து வைத்து, "இது உன் கையெழுத்துதானே? இது? இது?" என்று கேட்டார். எல்லாமே அவன் கையெழுத்து. கேட்டுக்கொண்டே அந்த அம்மாவும் அழுதார். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஃபேக்டரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும், அவர்களும் இந்தப் பணத்தைத்தான் நம்பி இருக்கிறார்கள் என்றார். "அண்ணே, அந்தம்மா மேல எனக்குக் கோபமே வரலை" என்று தம்பி என்னிடம் சொன்னான். எனக்கும் வரவில்லை. கோபமெல்லாம் ஊரில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனிதர் மேல்தான்.

அவன் போலீஸுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போகப் பயந்தான். காரணம் அவன் விசா. எம் விசா என்பது வியாபாரத்துக்காக வந்துபோவதற்கானது. சரக்குப் பார்க்கலாம், வாங்கலாம், கண்காட்சிக்குப் போகலாம். அங்கே ஒரு ஆபீஸில் உட்கார்ந்து மாதச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பிடிபட்டால் வேலை செய்தவனுக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், விஷயம் பெரிதென்றால் 5 முதல் 15 நாள் காவல், நாடு கடத்தவும் செய்யலாம். ஆகவே தன்னை ஏமாற்றியவர் மேல் புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது அவன்தான். இது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எம் விசாவில் கொண்டுவருகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செலவு மிச்சம், காப்பீடு மிச்சம், பையன் வாயைத் திறக்கவும் மாட்டான்.

பர்மிட்டோடு இருப்பவன் நிலைமை வேறு. கம்பெனி எழுத்தில் ஒப்பந்தம் போட்டுத்தான் ஆக வேண்டும். சம்பளம் நின்றால் தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். முக்கியமாக, தான் சம்பளக்காரன் என்பதைக் காட்ட அவனிடம் அரசாங்கம் கொடுத்த காகிதம் இருக்கிறது. நான் முதலாளி இல்லை என்று வாயால் சொல்வதற்கும், இதோ பார் என்று காகிதத்தைக் காட்டுவதற்கும் நீதிமன்றத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, ஏன் நம் பையன்கள் இதையெல்லாம் கேட்பதில்லை? விவரம் தெரியாததால் மட்டும் இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. மாமா கூட்டிக்கொண்டு போகிறார், டிக்கெட் அவர் போடுகிறார், தங்க இடம் அவர் தருகிறார், அவரிடம் போய் ஒப்பந்தம் எங்கே என்று கேட்பதா? அம்மாவே விடமாட்டார். "அவர் என்ன நம்மள ஏமாத்தப் போறாரா, வாய மூடிக்கிட்டுப் போ" என்பார். இந்தக் கூச்சத்தின் மேல்தான் அந்த ஆபீஸ்கள் நடக்கின்றன. விசாவில் தங்கும் நாள் முடிவதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹாங்காங் போய்விட்டுத் திரும்ப வருவது, அதற்கும் நாம் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் உள்ளே விடுவார்களா என்று வயிற்றைக் கலக்குவது, இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அனுபவச் சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருபத்தொரு வயதில் போனவன் முப்பதில் திரும்பினால், நடுவில் எங்கே இருந்தான் என்பதற்கு பாஸ்போர்ட் முத்திரைகளைத் தவிர வேறு சாட்சியே இல்லை.

பர்மிட் வாங்குவது லேசு என்று நான் சொல்லவில்லை. 2017 முதல் வெளிநாட்டு ஊழியர்களைத் தகுதியைப் பார்த்து ஏ, பி, சி என்று பிரித்துவிட்டார்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் பி. அதற்குப் பொதுவாக ஒரு பட்டமும் இரண்டு வருட அனுபவமும் வேண்டும். பட்டச் சான்றிதழை அட்டெஸ்ட் செய்ய வேண்டும், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் என்று அலைச்சல் உண்டு. ஸெட் விசாவை இந்தியாவிலேயே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். போய் இறங்கி 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "அங்கே வந்து மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"அப்போ பட்டம் இல்லாதவன் பிழைக்க வேண்டாமா?" என்று என்னிடம் கோபமாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பட்டம் இல்லாமலேயே யிவூவில் நல்ல சம்பாத்தியம் பார்ப்பவர்களை நானும் அறிவேன். அவர்கள் சென்னையிலோ மதுரையிலோ உள்ள இறக்குமதியாளரிடம் வேலை பார்ப்பவர்கள். சம்பளம் இந்தியாவில், குடும்பம் இந்தியாவில். சீசனுக்கு எம் விசாவில் போய் ஆர்டர் போட்டு, சரக்கைச் சரிபார்த்து, கன்டெய்னர் ஏற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். எம் விசா அதற்குத்தான் இருக்கிறது. மார்க்கெட்டைக் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

பர்மிட்டில் போகிறவர்களும் ஒன்றை விடாமல் செய்யுங்கள். ஆர்டர் காப்பியில் உங்கள் பெயரை மட்டும் எழுத விடாதீர்கள். கம்பெனியின் சீனப் பெயரை எழுதச் சொல்லி, அதன் சிவப்பு முத்திரையைக் குத்தச் சொல்லுங்கள். சீனாவில் கையெழுத்தைவிட அந்த வட்ட முத்திரைக்குத்தான் மதிப்பு. முத்திரையை உங்கள் கையில் தராத முதலாளி, ஆர்டரை மட்டும் உங்கள் கையெழுத்தில் போடச் சொன்னால், எதற்காகச் சொல்கிறார் என்று யோசியுங்கள். வாடகை வீட்டுக்குப் போனதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஊர் நல்ல ஊர் என்றுதான் சொல்கிறேன். ராத்திரிச் சந்தையில் நடுநிசி வரை பெண்கள் தனியாகக் கடை போட்டிருப்பார்கள், தனியாக வீட்டுக்கும் நடந்து போவார்கள். நம் பேச்சு தடுமாறினால் கடைக்காரர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். ஒழுங்காகப் பணம் கொடுக்கும் ஆளுக்கு அவர்கள் தரும் மரியாதையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை, புத்தாண்டுக்கு வீட்டுக்கே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். வெளிநாட்டு வியாபாரிகளையே நடுவர்களாக உட்காரவைத்துத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் ஒரு குழுவையும் 2013-லிருந்து அங்கே நடத்துகிறார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை என்று வந்தால் முதலில் அங்கே போங்கள். ஷாங்காயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், ஜெஜியாங் மாகாணம் அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது.

உங்கள் வீட்டுப் பையன் இப்போது எம் விசாவில் அங்கே வேலை செய்துகொண்டிருந்தால், இன்றைக்கே போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். விசா என்றைக்கு முடிகிறது? உன் கையெழுத்தில் பணம் பாக்கியுள்ள ஆர்டர் எவ்வளவு இருக்கிறது? பாக்கியை முதலாளி கொடுத்து முடிக்கும்வரை புது ஆர்டர் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லுங்கள். கணக்கு முடிந்ததும் முறையாக ஊருக்குத் திரும்பி வரட்டும். முதலாளிக்கு அவன் உண்மையிலேயே வேண்டுமென்றால் ஸெட் விசாவுக்கான காகிதத்தை அனுப்பட்டும்.