கன்சோலுக்கு மானிட்டர் வாங்கப் போறீங்களா? அந்த "1 எம்.எஸ்." ஸ்டிக்கரை நம்பாதீங்க

கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ கடைக்குப் போய், "ஏனுங்ண்ணா, பி.எஸ்.5 கன்சோல் போட்டு விளையாட லேக் இல்லாத மானிட்டர் ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டால், "1 எம்.எஸ்." (மில்லி செகண்ட்) என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். பட்டனை அமுக்கியதும் திரையில் ஆள் குதிக்க ஆகும் தாமதத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் ரொம்பக் கொஞ்சம். ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம் அது. அது மந்தமாக இருந்தால் ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும். நாம் லேக் என்று புலம்புவது வேறு. கேபிளில் வந்த படத்தை மானிட்டர் தனக்குள் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டுத் திரைக்கு விடுகிறது என்பதுதான் அது. இதைப் பெட்டியில் அச்சடிக்கும் வழக்கம் கிடையாது. வாங்குகிறவனுக்கு எது முக்கியமோ அது மறைவாகவும், எது அவ்வளவு முக்கியமில்லையோ அது கொட்டை எழுத்திலும் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கணக்கு சுலபம். விளையாட்டு நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓடினால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். திரை, படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைவதால், 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) நடுத்திரைக்கு வந்து சேரவே சுமார் 8 மில்லி செகண்ட் ஆகிவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதைக் குறைக்க முடியாது. வருகிற வரியை வந்த கையோடு வரைந்துவிடும் மானிட்டர் நல்ல மானிட்டர். படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒரு முழு ஃப்ரேமைச் சேமித்தால் இன்னொரு 16.7 கூடும். டிவி பெட்டிகள் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமைத் தாமே உண்டாக்கிச் செருகுவதற்காகப் பல ஃப்ரேம்களைப் பிடித்து வைக்கின்றன. அந்த வசதி ஓடும்போது தாமதம் 100 மில்லி செகண்டைத் தாண்டுவது சாதாரணம். அதனால் காசை எடுக்கும் முன்னால் வீட்டு டிவியில் இந்த மெருகு வேலைகளை நிறுத்தும் கேம் மோடைப் போட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

தீராதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கன்சோலுக்கும் திரைக்கும் நடுவில் படத்தைப் பிடித்து வைக்கிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது. மற்ற எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் லேப்டாப் சங்கதி. லேப்டாப்பில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். கன்சோலை அதில் செருகினால் ஒன்றும் தெரியாது. உடனே யாராவது கன்சோல் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் யு.எஸ்.பி. கேப்சர் கார்டு வாங்கச் சொல்வார்கள். யு.எஸ்.பி. 2.0 வகை மலிவு கார்டு படத்தைச் சுருக்கி அனுப்பும், கணினி அதை விரித்துக் காட்டும். அதற்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவு தாமதம் சேர்ந்துவிடும். பதிவு செய்யவும் ஒளிபரப்பவும் அது சரி. அதைப் பார்த்தே விளையாடுவது வேண்டாம். வந்த படத்தை அப்படியே வெளியே விடும் பாஸ்த்ரூ துளை உள்ள கார்டு என்றால் அந்தத் துளையிலிருந்து மானிட்டருக்குத் தனி கேபிள் போட்டு அதைப் பார்த்து விளையாடலாம்.

மாற்றிகளில் எது தாமதம் தரும், எது தராது என்பதில் நிறையக் குழப்பம். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டி.வி.ஐ. (பழைய மானிட்டர் துளை) மாற்றுவது வெறும் கம்பி மாற்றம்தான். இரண்டிலும் ஓடுவது ஒரே வகைச் சிக்னல், ஒரு மில்லி செகண்ட் கூடாது. ஒலிக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ. (அதைவிடப் பழைய துளை) என்றால் உள்ளே சிப் உள்ள மாற்றி வேண்டும். அது ஃப்ரேமைச் சேமிக்காமல் அப்படியே மாற்றுவதால் தாமதம் பொருட்படுத்தும் அளவு இல்லை. ஆனால் சில நேரம் மின்சாரம் போதாமல் படம் விட்டு விட்டு வரும், ஆகவே யு.எஸ்.பி.யில் மின்சாரம் எடுக்கும் மாதிரியைக் கேட்டு வாங்குங்க. மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் செருகி எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சின்னப் பெட்டி அப்படியல்ல. அளவை மாற்றி ஃப்ரேமைச் சேமித்துத்தான் அனுப்பும்; எச்.டி. கன்சோலுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

அதிகம் பேர் ஏமாறுவது டிஸ்ப்ளேபோர்ட் என்கிற, கணினிக்கான இன்னொரு வகைப் படத் துளையில். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கிறதே என்று ஒரு கேபிள் வாங்கி வருவார்கள், படம் வராது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான கேபிள்கள் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகிற ஒருவழிக் கேபிள். நமக்கு வேண்டியது எதிர்த்திசை. அதற்குத் தனி மாற்றி, தனி மின்சாரம், விலையும் எச்சு. அந்தக் காசுக்கு எச்.டி.எம்.ஐ. உள்ள வேறு மானிட்டரைப் பார்ப்பதே மேல்.

நம்ம பக்கத்தில் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. சரவணம்பட்டி, பீளமேடு பக்கத்து ஐ.டி. கம்பெனிகளும், திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களும் கழிக்கிற மானிட்டர்கள் பழைய சாமான் கடைக்கு வருகின்றன. 24 அங்குலம், 1920 பெருக்கல் 1080, ஐ.பி.எஸ். பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை), எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று. இந்த நாலும் உள்ள ஆபீஸ் மானிட்டர் பி.எஸ்.4, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன் மூன்றுக்கும் தாராளமாகப் போதும். ஆபீஸ் மானிட்டரில் படத்தை அழகுபடுத்தும் சோலி குறைவு. அதனாலேயே தாமதமும் பெரும்பாலும் குறைவு. வாங்கும்போது கவனிக்க வேண்டியது உண்டு. 1920 பெருக்கல் 1200, 1680 பெருக்கல் 1050 என்றால் அது 16:10 வடிவம். மெனுவில் ஆஸ்பெக்ட் என்கிற தேர்வு இல்லாவிட்டால் ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். 1280 பெருக்கல் 1024 சதுர மானிட்டர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மிகப் பழைய டி.வி.ஐ. மானிட்டரில் எச்.டி.சி.பி. என்கிற நகல் தடுப்பு ஏற்பு இருக்காது, பி.எஸ்.3யில் அதை அணைக்க வழியே இல்லாததால் கறுப்புத் திரைதான். பி.எஸ்.4, பி.எஸ்.5 இரண்டிலும் சிஸ்டம் அமைப்பில் அணைத்துவிடலாம், அப்போது படம் பார்க்கும் செயலிகள் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு வி.ஜி.ஏ. கேபிளே தனியாக உண்டு, அது பழைய மானிட்டருக்கு இன்றும் நல்ல துணை.

கடையில் காசு கொடுப்பதற்கு முன் கன்சோலைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்ப்பது தப்பில்லை. "கொண்டாங்க, போட்டுப் பாருங்க" என்று சொல்லாத கடையில் செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்காதீங்க.

புதிதாக வாங்குகிறவர்கள் கன்சோல் எதை அனுப்பும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்க. சாதா பி.எஸ்.4, பழைய ஸ்விட்ச் இரண்டும் 1080பி (1080 வரி கொண்ட படம்), 60 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. இவற்றை 1440பி மானிட்டரில் போட்டால் ஒரு பிக்சலை ஒன்றே கால் சொச்சம் பிக்சலாக நீட்ட வேண்டி வரும், எழுத்தெல்லாம் மங்கும். 4கே (2160 வரி) மானிட்டரில் ஒன்று நாலாகப் பிரிவதால் அவ்வளவு கெடாது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் இரண்டும் 1440பி அனுப்பும். பி.எஸ்.5க்கு அது 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. ஸ்விட்ச் 2 டாக்கில் (திரையோடு இணைக்கும் தாங்கியில்) 4கே என்றால் 60, 1440பி என்றால் 120 ஹெர்ட்ஸ் வரை.

இங்கே துளையின் வயதை, அதாவது எச்.டி.எம்.ஐ. பதிப்பு எண்ணைப் பாருங்க. "144 ஹெர்ட்ஸ்" என்று போட்ட 1440பி மானிட்டர் சிலவற்றில் அந்த வேகம் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மட்டும்தான். எச்.டி.எம்.ஐ. 1.4 ஆக இருந்தால் 1440பியில் 60, 75க்கு மேல் ஏறாது. கன்சோலில் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது என்பதால் அந்த 144க்குக் கொடுத்த காசு தண்டம். எச்.டி.எம்.ஐ. 2.0 இருந்தால் 1080பி, 1440பி இரண்டிலும் 120 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 4கே 120 வேண்டும் என்றால்தான் 2.1. என்னைக் கேட்டால் சீரீஸ் எஸ் வைத்திருப்பவர் 4கே மானிட்டருக்குப் போகவே வேண்டியதில்லை, 1440பி, எச்.டி.எம்.ஐ. 2.0, 120 ஹெர்ட்ஸுக்கு மேல் என்று தேடினால் போதும்.

ஃப்ரீசிங்க் (விளையாட்டின் ஃப்ரேம் வேகத்துக்குத் தகுந்தபடி திரை தன் வேகத்தை மாற்றும் வசதி) ஸ்டிக்கரிலும் ஒரு வில்லங்கம். எக்ஸ்பாக்ஸுக்கு அது எச்.டி.எம்.ஐ. வழியே வேலை செய்யும். பி.எஸ்.5 அதைக் கண்டுகொள்ளாது. எச்.டி.எம்.ஐ. 2.1 முறையிலான, அதே வேலையைச் செய்யும் வி.ஆர்.ஆர். உள்ள மானிட்டரில் மட்டும், 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை, அது ஃப்ரேமோடு திரையை ஒத்து ஓட்டும்.

கேபிளைப் பற்றி வீண் பேச்சு ஏராளம். தங்க முலாம் பூசிய கேபிள் லேக்கைக் குறைக்காது. எந்தக் கேபிளும் குறைக்காது. கேபிள் கெட்டால் புள்ளிப் புள்ளியாக மின்னும், படம் நொடி நேரம் அணைந்து வரும், அவ்வளவுதான். 1080பிக்கு வீட்டில் கிடக்கும் கேபிளே போதும். 4கே 120க்கு மட்டும் அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று போட்டது, 2 மீட்டருக்குள். பி.எஸ்.5 பெட்டியிலேயே அந்தக் கேபிள் வருகிறது.

மாட்டியாயிற்று என்றால் மானிட்டர் மெனுவுக்கு வாங்க. டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன், சூப்பர் ரெசல்யூஷன் என்று என்ன பேரில் இருந்தாலும் படத்தை மெருகேற்றும் எல்லாவற்றையும் அணையுங்க. லோ இன்புட் லேக், இன்ஸ்டன்ட் மோடு, டி.ஏ.எஸ். மோடு என்று கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும், இருந்தால் போட்டுவிடுங்க. பிக்சலை வேகமாக மாறச் செய்யும் ஓவர்டிரைவை நடு நிலையில் வையுங்க. உச்சத்தில் வைத்தால் நகரும் உருவத்தின் விளிம்பில் வெளிறிய கோடு ஒன்று தொற்றிக்கொண்டு வரும். அது 60 ஹெர்ட்ஸில் இன்னும் மோசம். சில மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பி.சி., ஏ.வி. என்று இரண்டு நிலை உண்டு. ஏ.வி.யில் இருந்தால் ஓரம் வெட்டுப்படும், கூடவே டிவி வேலைகளையும் செய்யத் தொடங்கும். பி.சி.யில் வையுங்க.

நிறம் வெளுத்துத் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியாமல் கறுப்பாக அடைத்துக்கொண்டாலோ மானிட்டரைக் குறை சொல்ல அவசரப்படாதீங்க. டிவி கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினிக் கணக்கில் 0, 255. கன்சோல் டிவி கணக்கில் அனுப்பி மானிட்டர் கணினிக் கணக்கில் படித்தால் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். மாறி நடந்தால் நிழலெல்லாம் கறுத்துவிடும். பி.எஸ்.5, ஸ்விட்ச் இரண்டிலும் ஆர்.ஜி.பி. ரேஞ்ச் என்றும், எக்ஸ்பாக்ஸில் கலர் ஸ்பேஸ் என்றும் இருக்கும். தானாகத் தேர்வதை விட்டுவிட்டு ஃபுல் என்று வைத்துப் பாருங்க. எக்ஸ்பாக்ஸில் அதற்குப் பேர் பி.சி. ஆர்.ஜி.பி. மலிவு மானிட்டரில் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் காட்டும் வசதி) அணைந்தே இருக்கட்டும், 400 நிட்ஸ் வெளிச்சத்தில், பகுதி பகுதியாக மங்காத பின்விளக்கில், அது படத்தைக் கெடுக்கத்தான் செய்யும்.

ஒலிக்கு மானிட்டரில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் ஸ்பீக்கரை அதில் செருகலாம். இல்லாவிட்டால் பி.எஸ்.4, பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் துளையே போதும். புளூடூத் ஸ்பீக்கரை மானிட்டரோடு சேர்க்காதீங்க; படம் சரியாக வந்தாலும் வெடிச் சத்தம் பிந்தி வந்து எல்லாமே லேக் போலத் தோன்றும்.

கன்ட்ரோலரையும் விட்டுவிடக் கூடாது. பி.எஸ்.4, பி.எஸ்.5 இரண்டிலும் கேபிளைச் செருகினால் மட்டும் கம்பி வழிக்கு மாறாது. கன்ட்ரோலர் அமைப்பில் கம்யூனிகேஷன் மெத்தட் என்பதில் யு.எஸ்.பி. கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது, டேட்டா கேபிள் வேண்டும்.

இத்தனையும் செய்து திரை கறுப்பாகவே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மானிட்டர் ஏற்காத அளவு ஏதோ கன்சோலில் பதிந்திருக்கும். பி.எஸ்.3 அணைந்திருக்கும்போது பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும் வரை அமுக்கிப் பிடித்தால் வீடியோ அமைப்பு பழைய நிலைக்கு வரும். பி.எஸ்.4, பி.எஸ்.5 இரண்டிலும் அதேபோலப் பிடித்தால் சேஃப் மோடு திறக்கும். அங்கே ரெசல்யூஷனை மாற்றலாம்.

கடைசியாக அளந்து பார்க்கும் வழி. ஆன்லைன் விளையாட்டில் அளக்காதீங்க, இன்டர்நெட் தாமதமும் அதில் கலந்துவிடும். போனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் வைத்து, கன்ட்ரோலரும் திரையும் ஒரே படத்தில் விழும்படி எடுங்க. குதிக்கும் பட்டன் முழுதாக அமுங்கிய ஃப்ரேமிலிருந்து ஆள் அசையும் ஃப்ரேம் வரை எண்ணுங்க. ஒரு ஃப்ரேமுக்கு 4.2 மில்லி செகண்ட். 30 ஃப்ரேம் என்றால் 125. இதில் விளையாட்டு தனக்கென எடுக்கும் நேரமும் சேர்ந்திருக்கிறது. அதனால் ஒரே விளையாட்டை டிவியிலும் மானிட்டரிலும் பத்துப் பத்து முறை எடுத்துச் சராசரியைக் கழித்துப் பாருங்க. 12 ஃப்ரேம் வித்தியாசம் வந்தால் டிவி 50 மில்லி செகண்ட் கூடுதலாகத் தின்கிறது. வித்தியாசம் இரண்டு மூன்று ஃப்ரேம்தான் என்றால் தாமதம் விளையாட்டுக்குள் இருக்கிறது. மானிட்டர் கடைக்குப் போக வேண்டாம். அந்த விளையாட்டின் அமைப்பில் குவாலிட்டியை விட்டு பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாறுங்க. 30 ஃப்ரேம் 60 ஆகும்போது ஒரு ஃப்ரேமுக்கான நேரம் 33.3லிருந்து 16.7 ஆகக் குறைகிறது. விளையாட்டு இரண்டு மூன்று ஃப்ரேம் யோசித்துத்தான் படம் போடும் என்பதால், கைக்குத் தெரிகிற லாபம் அதைவிடப் பெரிது.