அந்த மூன்று கமென்ட்டையும் நான்தான் நீக்கினேன்

புது அப்டேட் மோசம் என்று நேற்று ராத்திரி நம் கேம் குரூப்பில் ஆரம்பித்த சண்டை, கேமை உருவாக்கிய டெவலப்பரையே திட்டுவதில் போய் முடிந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அதில் மூன்று கமென்ட்டை நீக்கியது இந்த குரூப்பின் அட்மினான நான்தான். "அட்மினுக்கு எந்தக் கம்பெனி சம்பளம் குடுக்குது" என்று காலையிலிருந்து இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அப்டேட் மோசம் என்று சொன்ன ஒரு கமென்ட்டைக்கூட நான் தொடவில்லை. "காசைத் திருப்பிக் குடு", "இனிமே இவங்க கேமை வாங்கவே மாட்டேன்" எல்லாம் அப்படியே இருக்கின்றன, போய்ப் பாருங்கள். நான் எடுத்ததில் ஒன்று டெவலப்பரின் அம்மாவை இழுத்தது. இன்னொன்று அவர் வீடு எங்கே என்று தேடச் சொன்னது. மூன்றாவது, கையை வெட்ட வேண்டும் என்றது. கேமை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், செய்த ஆளை விட்டுவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

"கோபத்துல சொல்றதுதானே, நிஜமாவா செய்யப் போறாங்க?" என்கிறார்கள். சொல்பவருக்கு அது தெரியும், படிப்பவருக்கு எப்படித் தெரியும்? 2013-ல் கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்கு ஒரு பேட்ச், அதாவது ஒரு சின்ன அப்டேட் வந்தது. டிஎஸ்ஆர் 50 என்ற ஸ்நைப்பர் துப்பாக்கி சுடும் நேரத்தை 0.2 வினாடியிலிருந்து 0.4 வினாடியாக மாற்றினார்கள். வித்தியாசம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காக அந்த கேமின் டிசைன் டைரக்டர் டேவிட் வாண்டர்ஹாருக்குக் கொலை மிரட்டல் வந்தது. 2020-ல் கதை பிடிக்கவில்லை என்று, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 என்ற கேமில் ஆபி பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கும் வந்தது. கதையை எழுதியதுகூட அவர் இல்லை.

சைபர்பங்க் 2077 என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 19-க்கு வர வேண்டியதை டிசம்பர் 10-க்குத் தள்ளினார்கள். மூன்றே வாரம். உடனே டெவலப்பர்களுக்குக் கொலை மிரட்டல். அப்புறம் கேம் அரைகுறையாக வந்ததும் ஏன் அவசரப்பட்டு வெளியிட்டாய் என்று மறுபடி வசவு. சோனியின் பிளேஸ்டேஷன் 4 கருவியில் அது ஓடிய லட்சணத்துக்கு சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து தூக்கியது, பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கோபம் நியாயம். நானும் திட்டினேன். ஆனால் "சோம்பேறிப் பயல்கள்" என்று எழுதினார்களே, அந்த செப்டம்பரில் அவர்களை வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தேதியை முடிவு செய்தவர் ஒருவர், ராத்திரி கண் விழித்தவர் இன்னொருவர். வசவு போய்ச் சேர்ந்தது கண் விழித்தவரிடம்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நான் சென்னையில் பத்து மாதம் கான்ட்ராக்டில் கேம் டெஸ்டராக இருந்தவன். மொபைலில் ஆடும் கார் ரேஸ். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு சுவரிலும் காரைக் கொண்டுபோய் இடிப்பதுதான் என் வேலை. நாலாவது டிராக்கில் ஒரு பாலம். அதன் இடது தூணில் நாற்பது தடவை இடித்தால் மூன்று தடவை கார் தரைக்குள் போய்விடும். வீடியோ எடுத்து, எந்த வேகத்தில் நடக்கிறது என்று குறித்து, பக் ரிப்போர்ட் போட்டேன். "தெரிந்த குறை, அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம்" என்று மூடிவிட்டார்கள். வெளியீட்டுத் தேதி முன்பே முடிவாகியிருந்தது.

கேம் வந்த அன்று அப்பா ஆசையாகத் தன் போனில் இறக்கினார். கீழே ரிவியூக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒன்று தமிழில் இருந்தது. "பாலத்துல கார் உள்ள போகுது, இதை டெஸ்ட் பண்ண நாய் மாடு மேய்க்கப் போகலாம்." அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீதானேப்பா இதைப் பார்த்தது?" என்றார். ரிப்போர்ட் போட்டேன் என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. மாடு மேய்த்துத்தான் தாத்தா அவரைப் படிக்க வைத்தார். அந்த வார்த்தை அவருக்கு எங்கே பட்டிருக்கும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"காசு குடுத்தவன் கேட்கக் கூடாதா?" கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். ஓட்டலில் சாம்பார் ஊசிப்போனால் சண்டை போடுகிறோம், பில்லைக் கொடுக்க மறுக்கிறோம். சமையல்காரர் வீட்டு வாசலில் போய் நின்று அவர் அம்மாவைத் திட்டுவதில்லை. "பெரிய கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறே" என்பவர்களுக்கு: கம்பெனியைக் கிழித்துத் தொங்கவிடுங்கள், நானும் கூட வருகிறேன். கம்பெனிக்கு அம்மா கிடையாது. கருத்துச் சுதந்திரம் என்று ஒருவர் நாலு பத்தி எழுதியிருக்கிறார். கையை வெட்டுவேன் என்பது கருத்து இல்லை, அதற்கு மேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். காரணம் சொல்லாமல் நீக்கியது தப்பு. அப்போதே ஒரு வரி போட்டிருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணி, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று பேரும் குரூப்பில்தான் இருக்கிறார்கள், யாரையும் வெளியேற்றவில்லை. அப்டேட்டில் எது கெட்டுப்போனது, எந்த லெவலில் கேம் நின்றுபோகிறது என்று எழுதுங்கள், நானே குரூப்பில் எல்லாவற்றுக்கும் மேலே தெரியும்படி (pin) வைக்கிறேன். நீக்கியதைத் திரும்பப் போட மாட்டேன்.