காதலியைப் பார்க்கப் போகிறேன் என்றே எழுதுங்கள்

மட்டக்களப்பில் விசா பற்றி யாரிடம் வாய் திறந்தாலும் முதலில் கிடைக்கிற அறிவுரை இதுதான்: "புள்ளயப் பார்க்கப் போறன் எண்டு மட்டும் எழுதிராத மனே." ஓய்வுபெற்ற அதிபர் சொன்னார், டவுனில் டிக்கெட் போடுகிற தம்பி சொன்னான், கனடாவைப் படத்தில் மட்டும் பார்த்த என் சித்தப்பாவும் சொன்னார். காதலைச் சொன்னால் ரிஜெக்ட், சொல்லாவிட்டால் விசா. இதை எல்லோரும் ஏதோ சட்டப் புத்தகத்தில் படித்த மாதிரிப் பேசுகிறார்கள்.

கனடா சுற்றுலா விசாவுக்கு நான் காதலைச் சொல்லித்தான் விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. வருமுன்பே இதை எழுதக் காரணம் இருக்கிறது. விசா வந்த பிறகு எழுதினால் கிடைத்தவன் பெருமை பேசுகிறான் என்பீர்கள். வராமல் போய் எழுதினால் கிடைக்காதவன் புலம்புகிறான் என்பீர்கள். இப்போது எழுதினால்தான் பேச்சு நியாயமாக இருக்கும்.

என் காதலி வளர்ந்தது கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில். அவளுடைய அம்மம்மா வீடு இங்கே கல்லடியில். வந்து போன இடத்தில் பழக்கம், பழக்கத்தில் விருப்பம், அதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே பகல் பன்னிரண்டரை, அவளுடைய சாப்பாட்டு நேரம். நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னால் திருப்பினால் அது பதினொன்றரையாகிவிடும், நாங்கள் திரும்பவும் நேரம் பேசி ஒழுங்குபண்ண வேண்டும். இவ்வளவு காலமும் அவள்தான் வந்து போனாள். அவளுடைய கடவுச்சீட்டுக்கு ஒன்லைனில் ஈ.டி.ஏ. என்கிற பயண அனுமதி போட்டால் முப்பது நாள் கிடைக்கிறது, வேண்டுமென்றால் இங்கே வந்தபின் நீட்டிக்கலாம். "நீ ஏன் திரும்பிப் போவாய்?" என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. நான் ஒருமுறை அங்கே போவதென்றால் அந்தக் கேள்விக்கு ஒரு கோப்பு நிறையப் பதில் சேர்க்க வேண்டும்.

கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதி 179, பந்தி பி: அனுமதித்த காலம் முடியுமுன் இவர் வெளியேறுவார் என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். திருப்திப்படுத்துவது நம்முடைய வேலை. நமக்கு அது கூடுதல் வேலை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் நம் தமிழர்கள் 492 பேர் அகதிகளாகப் போய் இறங்கிய நாடு அது. ஏன் போனார்கள் என்பது இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த வரலாறும் நம் கடவுச்சீட்டோடு சேர்ந்துதான் கவுண்டருக்குப் போகிறது.

சரி, திரும்பி வருவேன் என்பதற்கு என்ன காட்டலாம்? வேலை, காணி, காசு, குடும்பம் என்பார்கள். இந்த நான்கையும் மட்டக்களப்பில் வைத்துப் பாருங்கள்.

காணியிலிருந்து தொடங்கலாம். நம்ம பக்கம் வீடு பெண்ணுக்கு. அண்ணன் தம்பி உழைத்து அக்கா தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்து, கலியாணத்தில் அது சீதனமாக அவர்கள் பேருக்குப் போய்விடும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் அப்படித்தான், தங்கையின் வீட்டில் என் உழைப்பும் இருக்கிறது, என் பேரில் ஒரு கல்லும் இல்லை. நல்ல தமையன் என்று ஊர் சொல்லும், சொத்தில்லாத ஆள் என்று கோப்பு சொல்லும். அப்பாவின் வயற்காணி இருக்கிறது, அதுவும் உறுதிக் காணி இல்லை, பெர்மிட் காணி. அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரத்தைக் காட்டி இது எங்களுடையதுதான் என்று வேறு நாட்டு அதிகாரிக்கு விளங்கப்படுத்த தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் எழுதினேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருக்கிற யாராவது விண்ணப்பித்தால் பெர்மிட்டை மட்டும் மொழிபெயர்த்து வைக்காதீர்கள். யார் பயிர் செய்கிறார்கள், எத்தனை போகம், வருமானம் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காசு. நம்முடைய சேமிப்பு சீட்டிலும் நகையிலும் இருக்கிறது. அது பேங்க் ஸ்டேட்மென்டில் வராது. இதற்காகத்தான் கடைசி மாதத்தில் அங்கே இங்கே வாங்கி ஒரு பெரிய தொகையைக் கணக்கில் போடுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத காசு இல்லாத காசை விட மோசம். சம்பளக் கணக்கு மெலிந்து இருந்தால் மெலிந்தே இருக்கட்டும். டிக்கெட் நான், தங்குமிடமும் சாப்பாடும் அவள் என்று நாங்கள் பிரித்து எழுதி, அவளுடைய சம்பளச் சான்றையும் வைத்தோம். ஆண்பிள்ளை பெண்ணின் செலவில் போகிறானா என்று கேட்ட ஒரு மாமாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. நம்ம பக்கம் மாப்பிள்ளை காலம் முழுக்கப் பெண் வீட்டில்தானே சாப்பிடுகிறான்!

வேலைக்கு நான் ஆசிரியர் என்பது ஓரளவு உதவி. ஆனால் அரச ஊழியர் வெளிநாட்டு விடுமுறை எடுப்பதென்றால் அதிபரிடம் தொடங்கி வலயக் கல்வி அலுவலகம் வழியாக அதற்கும் மேலே போக வேண்டும். விசாவை விட இதற்கு நடந்த நடை அதிகம். இன்னொரு சிக்கல், 2022 இல் நெருக்கடி வந்தபோது அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நம் விடுமுறையையும் அப்படி என்று நினைத்துவிடலாம். அதனால் விடுமுறைக் கடிதத்தில் எந்தத் திகதியில் திரும்பவும் கடமையேற்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். நான் தவணை தொடங்குகிற திகதியையும், ஓ.எல். வகுப்புக்கு நான்தான் கணிதம் என்பதையும் அதிபர் கையாலேயே எழுதி வாங்கினேன்.

இப்போது காதல். ஐ.எம்.எம். 5257 படிவத்தில் நீங்கள் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று நேராகவே கேட்கிறார்கள். எனக்குப் படிவம் நிரப்பித் தர முன்வந்த ஏஜென்ட் சொன்னது: "கசின் எண்டு போடுவம், நயாகரா பார்க்கப் போற எண்டு போடுவம். மறுகா பாத்துக்கொள்ளலாம்." அந்த மறுகாவில்தான் எல்லாம் இருக்கிறது. விண்ணப்பத்தில் முக்கியமான விடயத்தைப் பொய்யாகச் சொன்னாலோ மறைத்தாலோ குடிவரவுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு பாயும். ஐந்து வருடம் உள்ளே போக முடியாது. அந்த ஐந்து வருடமும் நிரந்தர வதிவிடத்துக்குக்கூட விண்ணப்பிக்க முடியாது. ஏஜென்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, கையெழுத்து நம்முடையது.

பிடிபடாமல் போய் வந்தாலும் கதை முடியவில்லை. நாளைக்குக் கலியாணம் செய்து அவள் ஸ்பொன்சர் பண்ணுகிறாள் என்று வையுங்கள். அப்போது நம் உறவு உண்மையானது, விசாவுக்காகச் செய்த கலியாணம் இல்லை என்று காட்ட வேண்டும். எப்போது பழகினீர்கள், எப்போது சந்தித்தீர்கள், படம் எங்கே, வட்ஸ்அப் கதை எங்கே என்று கேட்பார்கள். நாம் ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோய்க் கொட்டுவோம். அதே ஆட்கள் பழைய கோப்பைத் திறந்தால் அதே வருடத்தில் அவள் நமக்குக் கசின்! எதை நம்புவார்கள்? சுற்றுலா விசாவுக்காகச் சொல்கிற பொய் கலியாணத்தின் முதல் சாட்சியாக வந்து நிற்கும். இதை யோசிக்காமல் அறிவுரை சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

காதலைச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுவான் என்று நினைக்க மாட்டார்களா? நினைக்கலாம். ஆனால் ஊரில் யாரும் சொல்லாத ஒரு விடயம் அதே சட்டத்தில் இருக்கிறது. 22 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு: பிற்காலத்தில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பது மட்டும் இப்போது தற்காலிகமாக வருவதற்குத் தடை இல்லை, அனுமதித்த காலம் முடிந்ததும் போய்விடுவார் என்று அதிகாரி திருப்திப்பட்டால் போதும். அதனால் "எங்களுக்குக் கலியாணம் செய்யும் எண்ணம் இருக்கிறது, எங்கே வாழ்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதை முடிவு செய்யத்தான் இந்தப் பயணம், இன்ன திகதியில் எனக்குப் பள்ளிக்கூடம்" என்று எழுதலாம். நான் எழுதினேன். அவள் இங்கே வந்து போன திகதிகளும் கடவுச்சீட்டு முத்திரைகளின் பிரதிகளும் பின்னால் வைத்தேன். படங்களில் கொஞ்சம்தான். மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள் அவளும் என் அம்மாவும் நிற்கிற ஒரு படம் போதும் என்று எனக்குப் பட்டது.

வீட்டில் வேறு ஒரு பாடம் நடக்கிறது. "எழுத்தை முடிச்சுப்போட்டு ஸ்பொன்சர் பண்ணச் சொல்லன், எதுக்கு இந்த அலைச்சல்?" எழுத்து என்றால் இங்கே கலியாணப் பதிவு. அம்மா மட்டுமில்லை, அவளுடைய பெரியம்மாவும் போனில் இதையே சொல்கிறார். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. கனடாவில் நிச்சயம் செய்தவர்களுக்கென்று இருந்த ஸ்பொன்சர் வகை 2002 சட்டத்தோடு போய்விட்டது. சட்டப்படி மணமுடிக்காத சோடி என்றால் ஒரு வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். விசா இல்லாமல் எப்படி ஒன்றாக வாழ்வது? கான்ஜுகல் பார்ட்னர் என்று ஒரு வழி இருக்கிறது, சேர்ந்து வாழவும் மணமுடிக்கவும் உண்மையான தடை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், நமக்கு இலேசில் பொருந்தாது. 2023 இல் ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்ட கணவன் மனைவிமாரின் சுற்றுலா விசாவை விரைவாகப் பார்க்கிறோம் என்று அறிவித்தார்கள். நல்ல விடயம்தான். ஆனால் கையெழுத்து வைத்தவனுக்குக் கதவு கொஞ்சம் திறக்கிறது, கையெழுத்து வைக்குமுன் ஒருக்காப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவனுக்கு இல்லை.

எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கலியாணத்துக்கு முன் போய்ப் பார்க்கிறவன்தான் பொறுப்பாக நடக்கிறான். அவள் எந்த நேரம் வேலைக்குப் போகிறாள், பனியில் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறாள், அவளுடைய நண்பர்கள் நடுவில் நான் யார், அந்த ஊரில் ஒரு கணித ஆசிரியர் என்ன வேலை செய்வான், இதெல்லாம் வீடியோ கோலில் தெரியாது. என்னை விடுங்கள், நான் ஆண். எங்கள் ஊரிலிருந்து போட்டோ பார்த்து எழுத்து முடித்துத் தெரியாத வீட்டுக்குப் போன பெண்கள் எத்தனை பேர்! அங்கே போய் இறங்கிய பிறகுதான் மாப்பிள்ளை குடிப்பது தெரிந்தது, வேறு தொடர்பு தெரிந்தது, திரும்பி வர வழியும் இல்லை முகமும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் கோபிக்க வேண்டாம். மகளைக் கலியாணத்துக்கு முன் ஒருக்கா போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிற அப்பாவைத்தான் நான் மானமுள்ளவர் என்பேன். அந்த மகள் விண்ணப்பிக்கும்போது ஊர் வாய்க்குப் பயந்து "தோழியின் பிறந்தநாள்" என்று எழுத வைக்காமலும் இருக்க வேண்டும்.

உண்மையை எழுதி ரிஜெக்ட் ஆகாதா? ஆகும், தாராளமாக ஆகும். விண்ணப்பக் கட்டணம் 100 டொலர், கைரேகைக்கு 85, அதோடு கைரேகை கொடுக்க இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வந்த செலவு, எதுவும் திரும்பி வராது. கைரேகை மட்டும் பத்து வருடத்துக்குச் செல்லும், அது ஒரு ஆறுதல். ஆனால் உண்மையைச் சொல்லி வந்த மறுப்பும் பொய்யில் பிடிபட்ட தடையும் ஒன்றில்லை. மறுப்பு வந்தால் அடுத்த நாளே திரும்ப விண்ணப்பிக்கலாம். பல கடிதங்களில் பெட்டிக்குச் சரி போட்ட மாதிரி இரண்டு வரிதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் விளங்காது. அதிகாரி உள்ளே எழுதிய குறிப்பு கடிதத்தோடு வராவிட்டால் அதைக் கனடாவின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஐந்து டொலர் கட்டிக் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் நாம் இங்கிருந்து கேட்க முடியாது, கனடாவில் இருக்கிறவர் நம் சம்மதக் கடிதத்தோடு கேட்க வேண்டும். அதற்கு உங்கள் காதலியை விட நல்ல ஆள் யார்? முடிவு அநியாயம் என்று பட்டால் அங்குள்ள சமஷ்டி நீதிமன்றத்துக்கு 60 நாளுக்குள் போகலாம், ஆனால் வக்கீல் செலவைக் கேட்டால் காதலே வேண்டாம் என்று தோன்றும்.

ஒன்று மட்டும் கவனம். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது, கனடா மட்டுமில்லை வேறு பல நாடுகளும், முன்பு எங்காவது மறுக்கப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்று எழுதுங்கள். கனடா மறுத்ததை லண்டனுக்குச் சொல்லத் தேவையில்லை என்று டவுனில் சொல்கிறார்கள். இவர்கள் விரல் ரேகை எதற்கு எடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்களோ.

கடைசியாக, என் கடிதத்தைக் கேட்டு இன்பொக்ஸில் வருகிறவர்களுக்கு: அனுப்ப மாட்டேன். கோபம் வேண்டாம். அதில் இருப்பது என் வயல், என் தவணை, என் ஆள். பேரை மாற்றிப் போட்டு நீங்களும் அனுப்பினால் ஒரே கடிதம் இரண்டு கோப்பில் இருக்கும், இரண்டு பேரும் மாட்டுவோம். படிவத்தில் ஏதாவது விளங்காவிட்டால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு மட்டும் கோல் எடுக்க வேண்டாம்.