மாத்திரை போடும் நேரம்
அசிடிட்டி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. ஒமிப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரைக்கு அது பொருந்தாது. இந்த மாத்திரை ஜெலுசில் மாதிரி வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தை முறிப்பதில்லை. சிறுகுடலில் கரைந்து, ரத்தம் வழியாக வயிற்றுக்குத் திரும்பி வந்து, அங்கே அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கிறது. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டும்தான். சாப்பிடும்போதுதான் அவை முழு வேகத்தில் ஓடும், அதனால் அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். நான் ஒரு வருடம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுவிட்டு, மாத்திரையே போலி என்று மெடிக்கல்காரரிடம் சண்டை போட்டவன்! காலை இட்லிக்கு முன்னால் என்று மாற்றியதும் ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மாத்திரையை நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக எரிகிறது என்கிறார். பல மாதம் போட்டுத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் கூடுதலாகச் சுரக்கலாம். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள்.