அந்தப் பாயை யாராவது பார்த்தார்களா?

எங்கள் தெருவில் சில வருடங்களுக்கு முன்னால் மூன்று மாதக் குழந்தை ஒன்று தூக்கத்திலேயே இறந்துபோனது. இரவு பால் குடித்துவிட்டு உறங்கிய பிள்ளை, விடியற்காலையில் அம்மா தொட்டுப் பார்த்தபோது சில்லிட்டிருந்தது. மதியத்துக்குள் புதைத்துவிட்டார்கள். "பால் புரையேறியிருக்கும்", "தூக்கக் கலக்கத்துல குடுத்திருப்பா" என்று துக்கத்துக்கு வந்தவர்களே வாசலில் உட்கார்ந்து பேசினார்கள், உள்ளே அந்தப் பெண்ணின் காதில் விழும்படி. குழந்தை எப்படிப் படுத்திருந்தது, மேலே என்ன போர்த்தியிருந்தது, முதல் நாள் சளியோ காய்ச்சலோ இருந்ததா, ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

அதிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்று ஒரு வழக்கறிஞர். முதல் மகன் 1996 டிசம்பரில் பதினோரு வாரத்தில் இறந்தான், இரண்டாவது மகன் 1998 ஜனவரியில் எட்டு வாரத்தில். இரண்டுமே கொலை என்று 1999-இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ராய் மெடோ என்ற பெயர்பெற்ற குழந்தை மருத்துவர் சாட்சிக் கூண்டில் நின்று, இப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் தானாக இப்படி இறப்பதற்கு 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார். ஒரு குழந்தைக்கு 8,543-இல் ஒன்று என்ற கணக்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கிச் சொன்ன எண் அது. தாயம் உருட்டும்போது அப்படிப் பெருக்கலாம், ஒரு உருட்டலுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே தாய் தகப்பனுக்கு ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும்? அரச புள்ளியியல் கழகமே 2001-இல் இந்தக் கணக்கு தவறு என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. என்னை இன்னும் கலங்கவைத்தது வேறொன்று. இரண்டாவது குழந்தையின் உடலில், தண்டுவட நீரில்கூட, கிருமி இருந்ததாகப் பரிசோதனை முடிவு இருந்திருக்கிறது, அது சாலியின் தரப்பு வழக்கறிஞர்களுக்குக் காட்டப்படவே இல்லை. 2003 ஜனவரியில் விடுதலையானார். 2007-இல், 42 வயதில் இறந்துபோனார்.

அதே 2003-இல் திருப்தி படேல் என்ற மருந்தாளுநர் மூன்று குழந்தைகளைக் கொன்றதாக இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் நின்றார். இந்தியாவிலிருந்து போன அவருடைய பாட்டி, தன் குழந்தைகளில் ஐந்து பேர் சிசுவாகவே இறந்ததைச் சாட்சியாகச் சொன்னார். திருப்தி குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. ஆஸ்திரேலியாவில் கேத்லீன் ஃபோல்பிக் தன் குழந்தைகளைக் கொன்றதாக இருபது வருடம் சிறையில் இருந்தார், அவருடைய இரண்டு மகள்களுக்கும் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மரபணு மாற்றம் இருந்தது பிறகு தெரியவந்து, 2023 ஜூனில் மன்னிப்பு, டிசம்பரில் தண்டனையே ரத்து.

இதைச் சொன்னால், அப்போ விசாரணையே வேண்டாம், பெற்றவர்களை விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கொல்லப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள், உசிலம்பட்டிப் பக்கம் நடந்ததை அறிந்த நாம் அதை மறுக்க முடியாது. 2004-இல் இங்கிலாந்தில் ஹெலினா கென்னடி தலைமையிலான குழு ஒரு வழி சொன்னது: குழந்தை திடீரென்று இறந்தால் போலீஸ்காரரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து, ஒரு நாளுக்குள், அந்த வீட்டுக்குப் போக வேண்டும். படுத்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும், பெற்றவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும், குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்றவர் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். குற்றம் நடந்திருந்தால் அதில் தெரியவர வாய்ப்பு அதிகம். நடக்கவில்லை என்றால் அந்தத் தாய்க்கு எழுத்தில் ஒரு பதில் கிடைக்கும்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்ததால்தான் தடுக்கும் வழியும் கிடைத்தது. எண்பதுகளின் கடைசியில் பிரிஸ்டலைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் ஃபிளெமிங்கும் அவர் குழுவும் குழந்தை இறந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார்கள், அதே வயதில் உயிரோடு இருக்கும் குழந்தைகளின் வீடுகளுக்கும் போனார்கள். குப்புறப் படுக்கவைத்த குழந்தைகளும் கனமாகப் போர்த்திவிட்ட குழந்தைகளும்தான் அதிகம் இறந்திருந்தன. அந்தக் காலத்தில் குப்புறப் போடச் சொன்னதே மருத்துவர்கள்தான் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. 1991 ஜூலையில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் தன் நான்கு மாத மகனை இழந்தார், விடாமல் போராடினார், டிசம்பரில் மல்லாந்து படுக்கவையுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின.

நம் வீடுகளில் இன்னமும் "குப்புறப் போட்டா நல்லாத் தூங்கும், வாயு பிரியும்" என்கிறார்கள். மல்லாந்து படுத்தால் பால் மூச்சில் ஏறிவிடும் என்ற பயம் வேறு. உண்மையில் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், கக்கும் பால் உணவுக்குழாய்ப் பக்கமே தங்கும். குப்புறப் போட்டால்தான் அது மூச்சுக்குழாய் வாசலுக்கு வரும். முழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து குப்புறப் போடலாம், அது வேறு. தூங்கவைக்கும்போது மல்லாக்க, சமமான கெட்டிப் படுக்கையில், தலையணையும் மெத்தென்ற போர்வையும் இல்லாமல், வீட்டில் பீடி சிகரெட் புகை இல்லாமல். பேறுகாலத்துக்கு வீட்டில் யாராவது இருந்தால் இதை இன்றைக்கே சொல்லுங்கள், பாட்டிகளிடம் முதலில் சொல்லுங்கள்.

எங்கள் தெருப் பெண் போன வருடம் என்னிடம் கேட்டாள், "நான்தானாக்கா காரணம்?" இல்லை என்றுதான் சொன்னேன். அவள் நம்பவில்லை. எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.