வேலூர் வெயிலிலும் வேக்கம் தேவை

காட்பாடி, ராணிப்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “கார் ஏசி கம்ப்ரஸரை வீட்டிலேயே மாற்றி, கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளினால் போதும். நம்ம ஊர்க் காற்று காய்ந்தது, வேக்கம் பிடிப்பது வெறும் பில் ஏற்றும் வேலை.”

தவறு. வேக்கம் என்றால், கேஸ் ஏற்றும் முன் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. 40 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமே இருந்தாலும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீர் இருக்கும். தோலுக்குத்தான் காய்ந்த காற்று, குழாய்க்கு அல்ல. அந்த நீர், கேஸ் குளிர்ந்து விரியும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். தங்கிவிட்ட காற்றோ, சூடான கேஸைத் திரவமாக்கும் கண்டென்சரில் திரவமாகாது. ஹை சைடு (கம்ப்ரஸர் தள்ளும் பக்கம்) அழுத்தம் ஏறும், குளிர்ச்சி குறையும்.

பம்ப் போட்டு குறைந்தது 30 நிமிடம் இழுங்கள். வால்வை மூடி 15 நிமிடம் பாருங்கள். அழுத்த மீட்டரின் முள் நகர்ந்தால் கசிவு. ஈரத்தை உறிஞ்சும் டிரையரும், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும் புதிதாகவே இருக்கட்டும். கேஸை பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுப்படி எடை போட்டே ஏற்றுங்கள்.

அதிகம் சொதப்புவது எண்ணெயில். சில புதிய கம்ப்ரஸர்களில் முழு சிஸ்டத்துக்குமான எண்ணெய் முன்பே இருக்கும். பழையதிலிருந்து வடிந்ததை அளந்து, உதாரணமாக 60 மில்லி என்றால், புதியதில் ஏறக்குறைய அதையே வையுங்கள். கூடினால் குளிராது, குறைந்தால் ஜாம். ஹைபிரிட் கார்களின் மின்சாரக் கம்ப்ரஸருக்கு மற்ற கார் ஏசிகளில் ஊற்றும் சாதாரண பிஏஜி எண்ணெய் ஆகவே ஆகாது.

பழையது ஜாமாகி உலோகத் தூள் கக்கியிருந்தால் கண்டென்சரையும் மாற்றுங்கள். மெல்லிய துளைகளைக் கழுவி எடுக்க முடியாது.

பெல்ட், போல்ட் வேலை வீட்டில் செய்யலாம். ஆனால் முதலில் ஏசி கடையில் மெஷின் வைத்து கேஸை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். 40 டிகிரியில் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ், ஏசி ஓடாமல் நிற்கும்போதே சுமார் 130 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும்; நட்டைத் தளர்த்தினால் கை உறையும்.